எக்ஸ்ரேயில் விழாத கல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் உடம்பில் கல் எதுவும் இல்லை. சிறுநீரகத்தில் இல்லை, பித்தப்பையில் இல்லை, எங்குமே இல்லை. குருக்கள்மடத்துச் சந்தியில் சைக்கிளை நிறுத்தி, "கல்லுக் கரைஞ்சிட்டா தம்பி?" என்று இன்னும் விசாரிக்கிற நல்ல உள்ளங்களுக்கு இதுதான் பதில். வாழைத்தண்டுச் சாறு கொடுத்தனுப்புவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். குடித்துக் குடித்து நாக்கு மரத்துப்போய்விட்டது.

நடந்தது வேறு. வீட்டில் டம்பெல் தூக்கத் தொடங்கி, தொடங்கிய அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வழி தேடிக்கொண்டவன் நான். இதை வாசிக்கிற உங்களில் எவனாவது ஒருவன் இப்போதே வெறும் பால்மா டின்னும் சீமெந்தும் தேடிக்கொண்டிருப்பான். தேடு, தடுக்கவில்லை. இதை முழுக்க வாசித்துவிட்டுத் தூக்கு.

கம்பஸ் படிப்பு முடிந்து ஊருக்கு வந்தபோது என்னிடம் இருந்தவை ஒரு பட்டம், ஒரு சூட்கேஸ், மிச்சம் முழுக்க எலும்பு. விடுதிச் சாப்பாடு அப்படி. பின்னேரங்களில் கோயில் வெளியில் வொலிபோல் அடிக்கப் போவேன். நான் வலைக்கு மேலே எம்பினால் போதும், கரையில் நிற்கிற கூட்டம் கத்தும்: "ஈர்க்கிலப் பிடிங்கடா, கச்சான் அள்ளிக்கொண்டு போகப்போகுது!" கச்சான் எங்கள் பக்கத்து வெயில்காலக் காற்று. அள்ளிக்கொண்டு போகக்கூடியதுதான். அதற்காக ஒரு பட்டதாரியைத் தென்னோலை ஈர்க்கில் என்பதா?

அறை நண்பன் ஒருவன் தந்த உடற்பயிற்சிப் புத்தகம் சூட்கேசின் அடியில் கிடந்தது. அதன் முதல் பக்கம் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு. மீசை வைத்த ஒரு வளர்ந்த மனிதன் முற்றம் கூட்டுகிற தும்புத்தடியைத் தோளில் வைத்துக்கொண்டு குந்தி எழும்புகிற படம். கொஞ்ச வாரங்கள் இது மட்டும் போதும், இடையிடையே தண்ணீர் குடிக்கவும் என்று கீழே எழுதியிருந்தது. படித்த பொடியன் தும்புத்தடியோடு முற்றத்தில் நிற்பதா? பக்கத்தைப் புரட்டினேன். கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டினேன், அங்கேதான் டம்பெல் இருந்தது.

டம்பெல் செய்து தந்தவன் தவம். என் மாமி மகன், மச்சான். கல்முனை றோட்டில் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருக்கிறான். பழைய தண்ணீர்க் குழாயை அளந்து வெட்டி, இரண்டு முனையிலும் பால்மா டின் வைத்து, டின் நிறையச் சீமெந்து. இப்படி ஒரு சோடி. சீமெந்து காயட்டும் என்று ஒரு கிழமை வீட்டு மாமரத்தடியில் கிடந்தது.

வீட்டில் அதற்கு டம்பெல் என்ற பெயர் ஒட்டவேயில்லை. அம்மா பார்த்தாள். சீமெந்து, கனம், கூட்டும்போது காலில் இடிக்கிறது. உடனே பெயர் வைத்துவிட்டாள்.

"மனெ, அந்தக் கல்ல அங்கால எடு. முத்தம் கூட்டேலாமக் கிடக்கு."

அன்றிலிருந்து அப்பாவுக்கும் கல்லு, பக்கத்து வீட்டுக்கும் கல்லு, எனக்கும் கல்லு. இந்தப் பெயர் உங்கள் ஞாபகத்தில் இருக்கட்டும். பிறகு என்னைக் கவிழ்க்கப் பார்த்தது இதுதான்.

காய்ந்த அன்றைக்கு நல்ல வெயில். மத்தியானம். ஆளுக்கொரு டம்பெல்லைத் தோளில் வைத்துக் குந்தி எழும்ப வேண்டும், யார் முதலில் விடுகிறான் பார்ப்போம் என்று போட்டி. தவம் கொஞ்ச நேரத்தில் போதுமென்று நின்றுவிட்டான்.

"காணும்டா மச்சான். எனக்குக் கடையும் துறக்கணும்."

"தோத்துப்போனனெண்டு சொல்லு, விடுறன்."

"சரி, தோத்திட்டன். காணும், விடு."

"சத்தமாச் சொல்லு."

சத்தமாகவும் சொன்னான். நான் விடவில்லை. அவன் கையிலிருந்ததையும் வாங்கி மற்றத் தோளில் வைத்துக்கொண்டேன். ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. கால் இரண்டும் தானாக மடிந்து மணலில் உட்கார்ந்தபோதுதான் பயிற்சி முடிந்தது. பெரிய வெற்றி.

அடுத்த நாள் நடந்தது வெற்றி ஊர்வலம் இல்லை, சுவர் பிடித்து ஊர்வலம். தொடை இரண்டும் வீங்கிக் கட்டையாகக் கிடந்தன. தவம் வந்து பார்த்து, "நோவு வந்தாத்தான் சதை வைக்கும்" என்று வைத்தியம் சொல்லிவிட்டுப் போனான். அதற்கு அடுத்த நாள் காய்ச்சல், வாந்தி, இடுப்பு வலி. சலம், அதுதான் சிறுநீர், போனது சாயம் கூடின, பால் விடாத வெறுந் தேத்தண்ணி நிறத்தில்.

அம்மா, "சூடு" என்றாள். அப்பா வயலில் இருந்து வந்தவர், என் முகத்தைப் பார்த்தார், தொடையைத் தொட்டார். "இது சூடில்ல" என்றுவிட்டு, கை கால்கூடக் கழுவாமல் சந்திக்குக் கார் பிடிக்கப் போனார்.

ஆரையம்பதி தாண்டி, காத்தான்குடி தாண்டி, கல்லடிப் பாலம், பிறகு மட்டக்களப்பு டவுன். கல்லடி என்ற பெயரைப் பார்த்து அன்று நான் சிரித்திருக்க வேண்டும். யன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் நெடுநேரம் இருந்தோம். காத்திருக்கிற இடத்தில் எல்லாருக்கும் எல்லாருடைய வருத்தமும் தெரிய வேண்டும். அம்மா என் கதையைப் பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லிச் சொல்லி, டொக்டர் முன்னால் போனபோது மிகவும் சுருக்கிவிட்டாள். டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான்.

"என்ன தம்பி செய்யுது?"

"இடுப்பு நோகுது. கால் நோகுது. சலம் கறுப்பாப் போகுது."

நான் அடுத்த வசனத்துக்கு மூச்செடுப்பதற்குள் அம்மா உள்ளே பாய்ந்துவிட்டாள். "எல்லாம் இந்தக் கல்லால வந்த வினை டொக்டர்!"

"கல்லோ? எத்தினை நாளா?"

"ஒரு கிழமையா வீட்டில வச்சிருக்கான்."

"ஒரு கிழமையா வச்சுக்கொண்டிருந்தனீங்களோ? உடன வந்திருக்க வேணும்."

"சொன்னாக் கேட்டாத்தானே! கல்லெண்டா கல்லு, அப்பிடிக் கனம்."

கனம் என்றதும் டொக்டர் ஒரு கணம் பேனையை நிறுத்தினார். மட்டக்களப்பில் கடும் நோவைக் கனம் என்று சொல்வார்களாக்கும் என்று நினைத்தாராம். பிறகு அவரே சொன்னது. என்னைப் பார்த்து ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

"அப்ப கல்லுத்தான்?"

"ஓம் டொக்டர். கல்லுத்தான்."

இரண்டு பேருக்கும் முழுத் திருப்தி. சிறுநீரகக் கல் என்று எழுதி வார்ட்டில் போட்டார்கள்.

யன்னலோரக் கட்டில். வெளியே வாவி. கையில் சேலைன். அது உப்புத் தண்ணீர்தான், வாயால் குடிப்பதோடு சேர்த்து நரம்பு வழியாகவும் உடம்புக்குள் விடுகிறார்கள். கல்லை அடித்துக்கொண்டு போகத் தண்ணீர் வேண்டுமென்று வார்ட் நர்ஸ் எமில்டா மிஸ்ஸி தண்ணீர்க் கூசாவைக் காலியாக விடவேயில்லை. டவுன் வேதக்காரப் பெண், கழுத்தில் சிலுவை, நாக்கில் சாட்டை. "குடிங்க தம்பி. வாயென்ன வாடகைக்கா குடுத்திருக்கீங்க?"

பக்கத்துக் கட்டிலில் செட்டிபாளையத்துக் கந்தப்போடியார். நிறைய வயல் உள்ளவர். அவருக்கு நிஜமாகவே கல், வெட்டி எடுத்து, ஒரு சின்னப் போத்தலில் போட்டுத் தலைமாட்டில் வைத்திருந்தார். வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் காட்டுவார்.

"தம்பிக்கும் கல்லாம்?"

"ஓம் போடியார்."

"எண்டது இந்தா, பாரு. கொட்டப்பாக்களவு. உண்டது எவ்வளவு?"

கொட்டைப்பாக்கு அளவு கல்லைத் தூக்கியா இந்த மனுசன் ஆஸ்பத்திரிக்கு வந்தார் என்று எனக்குப் பரிதாபமாக இருந்தது. காய்ச்சல் மண்டையில் ஏறியிருந்தது, என்னைக் குறை சொல்லாதீர்கள்.

"பால்மா டின்னளவு," என்றேன்.

"எவ்வளவு?"

"ரெண்டு பக்கமும் ஒவ்வொரு டின். நடுவில குழாய்."

போடியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். "மிஸ்ஸி! இந்தப் பொடியனுக்குக் காய்ச்சல் தலைக்கேறிட்டு. கெதியா வாங்க!"

மிஸ்ஸி ஓடி வந்து என் வாயில் வெப்பமானியைச் செருகினார். "பறையப்படாது." அதோடு என் விளக்கம் முடிந்தது.

பிறகு சோதனைகள். சலத்தை எடுத்து ஒரு மருந்தைக் கலந்தால் நிறம் மாறும். மாறினால் இரத்தம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். என்னுடையது மாறியது. அதே சலத்தைப் பூதக்கண்ணாடிக் கருவியில் பார்த்தால் இரத்த அணுக்கள் தெரிய வேண்டும். என்னுடையதில் தெரியவில்லை. இரத்தம் உண்டு, அணு இல்லை. டொக்டர் கட்டிலடியில் நின்று தலையைச் சொறிந்தார். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்.

வயிற்றை எக்ஸ்ரே எடுக்க வேண்டுமென்றால் குடல் காலியாக இருக்க வேண்டும். அதற்கு ஆமணக்கெண்ணெய். குந்தவே முடியாத காலோடு இருக்கிறவனுக்குப் பேதி மருந்து கொடுத்தால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை. அப்பாதான் கக்கூசுக்குள் என் முன்னால் நின்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். முகத்தை மற்றப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, வயல் வட்டையில் இந்த முறை தண்ணீர் எப்படிப் பாய்கிறது, யார் வரப்பை யார் வெட்டினார்கள் என்று, ஏதோ சந்தியில் நின்று கதைக்கிறவர் மாதிரிக் கதைத்துக்கொண்டேயிருந்தார். எங்கள் வயலைப் பற்றி அத்தனை விஷயம் அதற்கு முன் நான் அறிந்ததேயில்லை. ஒவ்வொரு முறையும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

எக்ஸ்ரே வந்தது. டொக்டர் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பிப் பிடித்தார்.

"கல்லைக் காணேல்லை."

அப்பா ஆறுதலாகச் சொன்னார். "அதெப்பிடி டொக்டர் இஞ்ச காணும்? கல்லு வீட்டில கிடக்கு."

"வீட்டிலயோ?"

"ஓம். மாமரத்தடியில."

டொக்டரின் முகம் மலர்ந்தது. "அட! விழுந்திட்டுதோ! அதை முதலே சொல்லக் கூடாதே? கொண்டு வாங்கோ, சோதிக்க வேணும். ஒரு சின்னப் போத்திலில போட்டு மூடிக் கொண்டு வாங்கோ."

"போத்திலுக்க கொள்ளாது டொக்டர்."

"அப்ப கொஞ்சம் பெரிய போத்திலில."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். படித்த மனுசன் கேட்கிறாரே என்று விட்டுவிட்டார். அடுத்த நாள் காலை, சாக்கு ஒன்றைத் தோளில் சுமந்தபடி வார்ட்டுக்குள் வந்தார். பஸ்ஸில் வந்தவர். வேர்வை ஒழுக, டொக்டர் என் கட்டிலுக்கு வரும்வரை காத்திருந்து, சாக்கை இறக்கினார். தரை 'தொம்' என்றது.

"இதென்ன?"

"கல்லு."

டொக்டர் குனிந்து பார்த்தார். டின்னில் அச்சடித்த பால்மாக் குழந்தை இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. முதலில் வெடித்தது போடியார். "ஐயோ, சிரிப்புக் காட்டாதீங்க, தையல் பிரியப்போகுது!" மிஸ்ஸி முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. டொக்டரும் சிரித்தார், சிரித்த வாயோடு நடுவில் நின்றுவிட்டார். என் போர்வையை விலக்கித் தொடையை அழுத்தினார். நான் கத்தினேன்.

"தம்பி, இதை வச்சுக்கொண்டு நீர் என்ன செய்தனீர்?"

சொன்னேன். வெயில், போட்டி, குடிக்காத தண்ணீர், எல்லாம். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். டொக்டர் கட்டிலில் உட்கார்ந்தால் நல்லதல்ல என்று எனக்கு அப்போதே விளங்கியது.

அவர் சொன்னதை நான் விளங்கிக்கொண்டபடி சொல்கிறேன். தசைக்குள் ஒரு சிவப்புச் சத்து இருக்கிறது. பழக்கமில்லாத தசையை ஒரேயடியாகப் பிழிந்தால் அது நொறுங்கிப்போகும். நொறுங்கினால் அந்தச் சிவப்பு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போகும். அதுதான் தேத்தண்ணி நிறம். இரத்தம் மாதிரிச் சோதனையை ஏமாற்றும், ஆனால் இரத்தமில்லை. உலக யுத்த காலத்தில் இடிந்த வீடுகளுக்குள் கால் நசுங்கிக் கிடந்தவர்களுக்கு இப்படி வந்ததாம். எனக்கு வீடு இடியவில்லை. நானே எனக்கு மேல் இடிந்து விழுந்திருக்கிறேன்.

"அந்தச் சிவப்பு கிட்னியில போய் அடைச்சுதெண்டால் சலம் நிண்டிடும்," என்றார். "கல்லெண்டு நினைச்சுத் தந்த தண்ணிதான் உம்மை இதுவரைக்கும் வச்சிருக்கு. இனி இன்னும் கூடக் குடிக்க வேணும்."

"நிண்டா என்ன செய்யிற டொக்டர்?" அப்பா கேட்டார்.

"கொழும்புக்கு அனுப்ப வேணும்."

"அங்க போனா?"

டொக்டர் சேலைன் போத்தலைச் சரிபார்த்தார். வார்ட்டில் யாரும் சிரிக்கவில்லை.

அன்று பின்னேரம் சலப் போத்தலில் வந்தது கொஞ்சம்தான். கறுப்பாக. குடிப்பது எங்கே போகிறது? முகம் ஊதத் தொடங்கியிருந்தது. நான் வாய்க்காரன், தெரியும்தானே. அன்றைக்கு எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை. வாவியில் தோணிகள் போவதைப் பார்த்துக்கொண்டு, எனக்குள் இரண்டு அவரைக்கொட்டை மாதிரிச் சாமான், அது வேலை செய்கிறதா இல்லையா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குச் சத்தமில்லை.

தவம் வந்து வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை.

"வாடா."

"நான் தோத்திட்டனெண்டு சத்தமாச் சொன்னனே மச்சான்." கண் கலங்கியிருந்தது. "கேட்டிச்சுத்தானே உனக்கு?"

"கேட்டிச்சு."

"இன்னொருக்காச் சொல்லட்டா?"

"வேணாம். தண்ணி அள்ளிற்று வா."

அதோடு கூசா அவன் பொறுப்பு. கடையைப் பூட்டிவிட்டு அடுத்த இரண்டு நாளும் தண்ணீர் சுமந்தான். அம்மா ஒன்றும் புலம்பவில்லை. கிளாஸை வாயில் வைப்பாள், முடியும்வரை எடுக்கமாட்டாள். கல்லு என்ற சொல்லை விட்டேவிட்டாள். கட்டிலடியில் கிடந்ததை "அந்தச் சாமான்" என்றாள். போடியார் தனக்கு வந்த இளநீர்க் குலையை அப்படியே என் பக்கம் தள்ளினார். அதைக் கண்ட டொக்டர் பதறிப்போய்த் தடுத்துவிட்டார். தசை நொறுங்கியவனுக்கு இளநீர் கூடாதாம், அதிலுள்ள உப்பு ஒன்று இதயத்தைப் பிடிக்கும். சும்மா தண்ணீர்தான். குடிக்க முடியாத இளநீரைப் பார்த்துக்கொண்டே குடித்தேன்.

போத்தலை யன்னலில் பிடித்துப் பார்ப்பது அப்பாவின் வேலை. யாரும் சொல்லவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். அளவு மிஸ்ஸி எழுதுவார், நிறம் அப்பா அறிவிப்பார். முதல் நாள், "வெறுந் தேத்தண்ணி." பிறகும், "வெறுந் தேத்தண்ணி." அதைச் சொல்லும்போது குரல் இறங்கும். ஒரு விடியற்காலை போத்தல் பாதிக்கு மேல் நிறைந்தது. அப்பா நீண்ட நேரம் பிடித்துப் பார்த்துவிட்டு, "மல்லித்தண்ணி" என்றார். போடியார் கட்டிலைத் தட்டினார். மத்தியானம் இன்னொன்று நிறைந்தது. பின்னேரம் மிஸ்ஸி, "வேற போத்தல் கொண்டாங்கப்பா, இந்தத் தம்பி வாவியையே நிரப்பப்போறார்" என்று சத்தம் போட்டார். சிலுவையை ஒருமுறை தொட்டுக்கொண்டதை நான் கண்டேன்.

கடைசியில் ஒரு காலை, அப்பா போத்தலை வெளிச்சத்தில் பிடித்தார். அப்படியே எடுத்துக்கொண்டு வார்ட்டின் நடுவால் நடந்து, டொக்டரின் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"இளநீர், டொக்டர்."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "பச்சை இளநீரோ, செவ்விளநீரோ?"

அவர் பகிடி விட்டதை அன்றுதான் முதலில் கேட்டோம். வார்ட் முழுக்கச் சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. போத்தலை மேசையில் வைத்துவிட்டு, சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு விட்டபோது நான் முன்னையை விட மெலிந்திருந்தேன். ஈர்க்கிலிலும் பாதி. டம்பெல்லைத் திரும்ப எடுக்க அப்பா மறுத்துவிட்டார். "இதச் சுமந்துகொண்டு பஸ்ஸேற இனி என்னால ஏலாது." அம்மா அதைக் கடந்து போகும்போது சேலைத் தலைப்பை ஒதுக்கிக்கொண்டு போனாள். டொக்டர் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "கிளினிக்குக்கு வாரும். நான் சொன்ன பிறகு தொடங்கும். முதல் பக்கத்தில இருந்து."

சொன்ன பிறகு தொடங்கினேன். முற்றத்தில், பட்டப்பகலில், தும்புத்தடியைத் தோளில் வைத்துக்கொண்டு. பக்கத்தில் செம்பில் தண்ணீர். கொஞ்சம் குந்தி எழும்புவேன், குடிப்பேன், இருப்பேன். றோட்டால் போகிறவன் பார்த்தால் பார்க்கட்டும். என் பெரிய எதிரி அவன் இல்லை, அம்மா. எங்கள் வீட்டில் இருப்பது ஒரே தும்புத்தடி.

"மனெ, உண்ட பயிற்சி முடிஞ்சாத் தா. முத்தம் கூட்டணும்."

போன கிளினிக்கில் இரத்தம் சோதித்தார்கள். யூரியா என்ற ஒரு கழிவு, சிறுநீரகம் வேலை செய்யாவிட்டால் இரத்தத்தில் கூடும். என்னுடையது இறங்கிச் சாதாரண ஆளுடைய அளவுக்கு வந்திருந்தது. "ரெண்டு கிட்னியும் சரி," என்றார் டொக்டர். எல்லாருக்கும் சொல்லிவிட்டுப் போவோம் என்று நானும் அம்மாவும் அவரோடு வார்ட்டுப் பக்கம் போனோம். வெளியே கச்சான் பிய்த்துக்கொண்டு வீசியது. வார்ட்டுக் கதவு ஆடாமல் நின்றது. கீழே பார்த்தேன். பால்மாக் குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. எமில்டா மிஸ்ஸி அதற்குக் கதவு பிடிக்கிற வேலை கொடுத்திருக்கிறார்.

"டொக்டர், ஒருக்காத் தூக்கட்டா?"

"முதல் பக்கம் முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது."

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவே சொன்னாள்: "ஒருக்காத்தான்."

குனிந்தேன். முழங்காலை மடித்து, மூச்சை விட்டுக்கொண்டே, மெதுவாக. தோள் வரைக்கும் வந்தது. கட்டில்களில் இருந்தவர்கள் எல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். கால் நடுங்கவில்லை. இன்னொரு முறை போடலாம் என்று உடம்பு சொன்னது, சத்தியமாகச் சொன்னது.

பிடி விட்ட கதவு காற்றில் போய்ச் 'சடார்' என்று அடித்தது.

"தம்பி!" உள்ளேயிருந்து மிஸ்ஸியின் சத்தம். "கல்ல வைங்க! கதவு அடிக்குது!"

வைத்தேன். ஒரு முறை. காணும்.